அழுகுணி ஆட்டம் இல்லாத சோதனை: வீட்டில் குழந்தைகளோடு அறிவியல்

என் மகளுக்கு ஏழு வயதாக இருந்தபோது ஒரு நாள் மதியம் அவளிடம் ஒரு கேள்வி கேட்டேன். ஒரு பனிக்கட்டியைத் திறந்தபடி வைக்கிறோம், இன்னொன்றைக் கம்பளித் துணியில் நாலு சுற்றுச் சுற்றி வைக்கிறோம், எது முதலில் உருகும்? அவள் யோசிக்கவே இல்லை. "கம்பளிக்குள்ள இருக்கிறதுதான். அது சூடா இருக்கும்ல" என்றாள். சரி, வைத்துப் பார்ப்போம் என்று வைத்தோம். அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், வெளியே இருந்த கட்டி பாதிக்கு மேல் கரைந்து தன் தண்ணீரிலேயே வழுக்கிக்கொண்டிருந்தது. கம்பளியைப் பிரித்தோம். உள்ளே இருந்தது விளிம்பு லேசாக மழுங்கியதோடு சரி, மற்றபடி அப்படியே இருந்தது.

கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "அம்மா, இது அழுகுணி ஆட்டம். வெளியில வச்ச கட்டி முதல்லயே சின்னது. அதை எவர்சில்வர் தட்டுல வச்ச, இதை மேஜை மேல வச்ச."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. நான்தான் கவனிக்கவில்லை. உலோகத் தட்டு வெப்பத்தைச் சட்டென்று கட்டிக்குக் கடத்தும், மரமேஜை அந்த அளவுக்குக் கடத்தாது. சின்னக் கட்டி பெரிய கட்டியைவிடச் சீக்கிரம் கரையும். ஆக, வெளியே இருந்த கட்டி முதலில் உருகியதற்குக் கம்பளி இல்லாதது காரணமா, தட்டு காரணமா, அளவு காரணமா என்று அந்தச் சோதனையை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. மறுபடியும் செய்தோம். ஒரே அச்சில் உறைந்த இரண்டு கட்டிகள், ஒரே மாதிரி இரண்டு பீங்கான் கிண்ணம், ஒரே மேஜை, ஒரே நேரம். வித்தியாசம் கம்பளி மட்டும். இப்போதும் கம்பளிக்குள் இருந்ததுதான் கடைசியில் உருகியது. ஆனால் இந்த முறை அவள் சண்டை போடவில்லை, "அப்போ கம்பளி சூடு பண்ணாதா?" என்று கேட்டாள்.

பண்ணாது. கம்பளி வெப்பத்தை உண்டாக்குவதில்லை, அதன் இழைகளுக்கு நடுவே சிக்கியிருக்கும் காற்று வெப்பம் போவதையும் வருவதையும் தடுக்கிறது, அவ்வளவுதான். நம் உடம்பு எப்போதும் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருப்பதால் போர்த்தினால் அது வெளியே போகாமல் நிற்கிறது, நமக்குக் கதகதப்பாக இருக்கிறது. பனிக்கட்டிக்குப் போர்த்தினால் அறையின் வெப்பம் உள்ளே போக முடியாமல் நிற்கிறது. இதை நான் முதலிலேயே வாயால் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பாள், ஒரு வாரத்தில் மறந்தும் இருப்பாள். இரண்டு முறை வைத்து, நடுவில் சண்டையும் போட்டதால்தான் அந்தக் கேள்வி அவளுடையதாக ஆனது.

அவள் "அழுகுணி ஆட்டம்" என்று சொன்னாளே, அதைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்கப் போகிறேன். வீட்டில் குழந்தைகளோடு அறிவியல் செய்ய நினைப்பவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய கருத்து இது ஒன்றுதான் என்று நான் நம்புகிறேன்: ஒரு சோதனையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைக்க வேண்டும்.

வேடிக்கையும் சோதனையும்

சமையல் சோடாவில் வினிகரை ஊற்றி நுரை பொங்க வைக்கும் "எரிமலை"யை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அழகாக இருக்கும், குழந்தைகள் கைதட்டுவார்கள், இரண்டாவது முறையும் கேட்பார்கள். நல்லதுதான். ஆனால் அது வேடிக்கை. என்ன நடக்கும் என்று செய்கிறவருக்கு முன்பே தெரியும், பார்க்கிறவருக்கு அதில் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. அதையே சோதனையாக மாற்றுவதற்குப் புதிதாகப் பொருள் எதுவும் வாங்க வேண்டாம், ஒரு கேள்வி சேர்த்தால் போதும்: சோடாவைக் கூட்டிக்கொண்டே போனால் பொங்குவதும் கூடிக்கொண்டே போகுமா?

இப்போது குழந்தை மூன்று விஷயத்தை முடிவு செய்தாக வேண்டும். எதை மாற்றப் போகிறோம்? சோடாவின் அளவை. எதை அளக்கப் போகிறோம்? வரும் வாயுவை. எதையெல்லாம் மாற்றாமல் வைக்கப் போகிறோம்? வினிகரின் அளவு, பாட்டில், பலூன், வெப்பநிலை எல்லாவற்றையும். இப்படி மாறக்கூடிய ஒவ்வொன்றையும் பாடப்புத்தகங்களில் "மாறி" என்பார்கள். பெயர் முக்கியமில்லை, மூன்று கேள்வியும் மனதில் நின்றால் போதும்.

செய்முறை இது. மூன்று சின்ன பாட்டில், ஒவ்வொன்றிலும் 50 மி.லி. வினிகர். மூன்று பலூன், அவற்றுக்குள் புனல் வழியாக முறையே அரை தேக்கரண்டி, ஒன்று, இரண்டு என்று சோடா. பலூனின் வாயைப் பாட்டிலின் வாயில் மாட்டி, பலூனைத் தூக்கிச் சோடாவைக் கொட்டினால் கார்பன் டை ஆக்சைடு வந்து பலூன் உப்பும். பலூனின் வயிற்றைச் சுற்றி நூலைப் பிடித்து, நூலை அளவுகோலில் வைத்து அளக்கலாம். "பெருசு", "ரொம்பப் பெருசு" என்று சொல்வதற்கும் ஓர் எண் சொல்வதற்கும் உள்ள தூரம் குழந்தைக்கு இந்த இடத்தில்தான் புரியும்.

முதல் பலூனைவிட இரண்டாவது பெரிதாகும். மூன்றாவது? குழந்தைகள் பெரும்பாலும் இரண்டு மடங்கு என்று எழுதுவார்கள். ஆனால் அது இரண்டாவது அளவிலேயே நின்றுவிடும், பாட்டிலின் அடியில் வெள்ளையாகச் சோடா மிச்சம் கிடக்கும். 5 சதவீதம் அமிலம் உள்ள வினிகர் 50 மி.லி.-க்கு ஏறக்குறைய மூன்றரை கிராம் சோடா போதும். அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. அதற்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் வினை புரிய அமிலம் இருக்காது. வேதியியலில் பிற்பாடு வரப்போகும் ஒரு பெரிய பாடத்தை எட்டு வயதுக் குழந்தை பலூனைப் பிடித்துக்கொண்டே பார்த்துவிடுகிறது. எரிமலையில் இது தெரியவே தெரியாது.

இதிலும் ஓர் அழுகுணி ஆட்டம் ஒளிந்திருக்கிறது. புதுப் பலூன் விறைப்பாக இருக்கும், ஒரு முறை ஊதி விட்டது தளர்ந்திருக்கும். ஒரே பலூனை மூன்று முறை பயன்படுத்தினால் கடைசி முறை அது எளிதாக உப்பும். அதனால் மூன்று பலூனையும் முன்கூட்டியே ஒரு முறை ஊதி விட்டுவிடுங்கள். அல்லது, இதுவே மேல், சொல்லாமல் விட்டுக் குழந்தை கண்டுபிடிக்கிறதா பாருங்கள்.

வலைத்துணி போட்ட ஜாடி

இந்தக் கருத்து எவ்வளவு வலுவானது என்பதற்கு ஒரு பழைய கதை. அழுகும் இறைச்சியிலிருந்து புழுக்கள் தாமாகவே உண்டாகின்றன என்று வெகுகாலம் மனிதர்கள் நம்பினார்கள். கண்ணால் பார்த்ததைத்தானே நம்பினார்கள், அதில் தப்பு சொல்ல முடியாது. இத்தாலியைச் சேர்ந்த மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி ஒரே மாதிரி ஜாடிகளில் இறைச்சியைப் போட்டுச் சிலவற்றைத் திறந்து வைத்தார், சிலவற்றை நன்றாக மூடினார். திறந்ததில் புழு வந்தது, மூடியதில் வரவில்லை. இதோடு அவர் நிறுத்தியிருந்தால், "மூடினால் காற்று போகாது, காற்று இல்லாததால்தான் புழு உண்டாகவில்லை" என்று ஒருவர் வாதாடியிருக்கலாம். மூடியபோது ஈ மட்டும் தடைப்படவில்லை, காற்றும் தடைப்பட்டது. அதாவது இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் மாறிவிட்டன. அதனால் இன்னும் சில ஜாடிகளின் வாயில் மெல்லிய வலைத்துணியைக் கட்டினார். காற்று உள்ளே போகும், ஈ போக முடியாது. அதிலும் இறைச்சியில் புழு இல்லை. 1668இல் இதை வெளியிட்டார். எனக்கு அந்த வலைத்துணிமேல் அவ்வளவு பிரியம். "யாராவது இப்படிக் கேட்டால்?" என்று தன்னையே எதிர்த்துக் கேட்டுக்கொண்ட ஒரு மனிதரின் கை அதில் தெரிகிறது. என் மகள் தட்டையும் மேஜையையும் காட்டிச் சண்டை போட்டபோது கேட்டதும் அதே கேள்விதான்.

பத்து விதை ஏன் வேண்டும்

விதை முளைக்க வைப்பது எல்லா வீட்டிலும் செய்கிற வேலை. ஈரப் பஞ்சில் ஒரு பயறு, இரண்டு நாளில் முளை, ஒரு வாரத்தில் இலை, முடிந்தது. இதைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். நான்கு கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கோப்பைக்கு ஈரப் பஞ்சும் வெளிச்சமும், இரண்டாவதற்கு ஈரப் பஞ்சும் இருட்டும். மூன்றாவதில் காய்ந்த பஞ்சு. நான்காவதில் விதை முழுக்க மூழ்கும்படி தண்ணீர். விதை முளைக்க எது அவசியம் என்று முன்கூட்டியே எழுதச் சொல்லுங்கள். வெளிச்சம் வேண்டும் என்று ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் எழுதும், பெரியவர்களில் பலரும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஒவ்வொரு கோப்பையிலும் பத்து விதை போடுங்கள், ஒன்று போதாது. விதைகளில் சில சொத்தையாக இருக்கும், சில தூங்கிக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு விதை போட்டு அது முளைக்காவிட்டால், இருட்டு காரணமா அல்லது அந்த விதையே செத்ததா என்று தெரியாது. பத்தில் ஒன்பது இங்கே முளைத்து, பத்தில் ஒன்றுகூட அங்கே முளைக்காவிட்டால் அப்போது பேசலாம்.

இருட்டுக்கு அலமாரிக்குள் வைக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். அலமாரியில் சூடு வேறு, காற்றோட்டம் வேறு. வெளிச்சத்தில் இருக்கும் கோப்பைக்குப் பக்கத்திலேயே வைத்து ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடுங்கள், அப்போதுதான் மாறுவது வெளிச்சம் மட்டும் என்று ஓரளவு சொல்ல முடியும்.

இரண்டு மூன்று நாளில், வெளிச்சத்திலும் இருட்டிலும் விதைகள் ஒரே மாதிரி முளைத்திருக்கும். காய்ந்ததில் ஒன்றும் நடந்திருக்காது. மூழ்கியதில் விதை வீங்கும், சிலது தோல் வெடிக்கும், அதற்கு மேல் போகாமல் நாற ஆரம்பிக்கும், ஏனென்றால் விதையும் மூச்சு விடுகிறது, தண்ணீருக்குள் அதற்குப் போதுமான ஆக்சிஜன் கிடைப்பதில்லை.

அப்படியே ஒரு வாரம் விடுங்கள். பெட்டியைத் தூக்கும் நாள் எனக்கு ஒவ்வொரு முறையும் திருவிழாதான். உள்ளே இருக்கும் செடிகள் வெளியே இருப்பவற்றைவிட உயரமாக, வெளிறிய மஞ்சளாக, நூல்போல் மெலிந்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். "இருட்டுலதான் நல்லா வளருது" என்று என் மகள் அளவுகோலைக் காட்டினாள். அளந்தது சரி. உயரம் என்றால் நலம் என்று எடுத்துக்கொண்ட இடத்தில்தான் பிசகு. விதைக்குள் சேமித்து வைத்திருக்கும் உணவு தீர்வதற்குள் எப்படியாவது வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டும் என்று அந்தச் செடி எல்லாவற்றையும் உயரத்திலேயே செலவழிக்கிறது. மண்ணுக்கு அடியில் முளைக்கிற விதைக்கு அதுதானே உயிர் பிழைக்கும் வழி. பச்சையம் அப்புறம்தான். அந்தக் கோப்பையை வெளிச்சத்தில் வைத்துவிட்டு மறுநாள் பாருங்கள், மஞ்சள் இலை பச்சையாக மாறத் தொடங்கியிருக்கும்.

செடி பற்றிப் பேசும்போது வான் ஹெல்மோன்ட்டை விட முடியாது. பிரஸ்ஸெல்ஸில் பிறந்த வேதியியலாளர். ஒரு தொட்டியில் 200 பவுண்டு உலர்ந்த மண்ணை எடை போட்டு நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, தண்ணீர் மட்டும் ஊற்றி 5 வருடம் காத்திருந்தார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணை மறுபடியும் உலர்த்தி எடை போட்டால் குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ்தான். மரம் மண்ணைத் தின்று வளர்வதில்லை என்று இவ்வளவு பொறுமையாகக் காட்டியவர், ஆகவே அது முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று முடிவு கட்டினார். அங்கேதான் தவறினார். தொட்டியில் ஊற்றியதை அவர் கணக்கில் வைத்தார், தொட்டியைச் சுற்றி இருந்த காற்றை வைக்கவில்லை. மரத்தின் உடம்பில் பெரும் பங்கு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறது. வாயுவைக் குறிக்கும் "கேஸ்" என்ற சொல்லையே உருவாக்கியவர் அவர்தான் என்பதை நினைத்தால் மனது என்னவோ செய்கிறது. அவர் இறந்தபின் 1648இல் இது அச்சில் வந்தது. குழந்தை தவறான முடிவுக்கு வரும்போது இந்தக் கதையைச் சொல்லுங்கள், கேலி செய்யாதீர்கள்.

மெழுகுவத்தி: பெரியவர்கள் சொல்லும் தப்பான காரணம்

தட்டில் கொஞ்சம் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணையும், தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். ஏன் என்று கேட்டால், "ஆக்சிஜன் தீர்ந்துபோச்சு, அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்புது, காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு, தண்ணீரும் ஐந்தில் ஒரு பங்கு ஏறுது பார்" என்று நாம் பலரும் பள்ளியில் படித்த பதிலையே சொல்வோம். நானும் வெகுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதே தட்டு, அதே தண்ணீர், அதே டம்ளர், ஆனால் ஒரு மெழுகுவத்திக்குப் பதில் அதே உயரத்தில் மூன்று. டம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜன் ஒன்றும் கூடவில்லை. பதில் சரியென்றால் தண்ணீர் அதே அளவு ஏற வேண்டும். ஏறுவதோ முன்பைவிட நன்றாக அதிகம். இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள்: தண்ணீர் எப்போது வேகமாக ஏறுகிறது? சுடர் எரியும்போது அல்ல, அது அணையும்போதும் அணைந்த பிறகும். டம்ளரைக் கவிழ்க்கும் நேரத்தில் ஓரத்தில் குமிழி வெளியேறுவதைச் சில சமயம் பார்க்கவும் முடியும். அதாவது சுடரின் சூட்டில் காற்று விரிந்து கொஞ்சம் வெளியே போய்விடுகிறது, அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. மூன்று சுடர் என்றால் சூடு அதிகம், சுருக்கமும் அதிகம். ஆக்சிஜனும் முழுக்கத் தீர்வதில்லை, நிறைய மிச்சம் இருக்கும்போதே சுடர் அணைந்துவிடும், எரிந்ததற்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகியிருக்கும்.

ஒரு பெரிய ஆள் சொன்ன விளக்கத்தை இரண்டு மெழுகுவத்தி கூட வைத்துச் சரிபார்க்கலாம் என்று ஒரு குழந்தைக்குத் தெரிவது எவ்வளவு பெரிய விஷயம்! (தீப்பெட்டியும் சுடரும் பெரியவர் கையில்தான். இதில் பேச்சே இல்லை.)

எறும்புப் பாதையில் ஒரு காகிதம்

வீட்டுக்கு வெளியே வந்தால் நம் கட்டுப்பாடு குறைந்துவிடும். வெயிலையும் மழையையும் காற்றையும் பிடித்து வைக்க முடியாது. ஆனாலும் செய்யலாம். வரிசையாகப் போகும் எறும்புகளின் பாதைக்குக் குறுக்கே, அவை ஏறி இறங்கும்படி, உள்ளங்கை அளவு காகிதம் ஒன்றை வையுங்கள். முதலில் தடுமாறும், கொஞ்ச நேரத்தில் காகிதத்தின் மேலேயே பாதை போட்டுக்கொள்ளும். அரை மணி நேரம் அப்படியே விட்டு, பிறகு எறும்புகள் குறைவாக இருக்கும் நேரம் பார்த்துக் காகிதத்தைக் கால் வட்டம் திருப்புங்கள். அடுத்து வரும் எறும்பு காகிதத்தின் விளிம்புக்கு வந்ததும் நிற்கும், உணர்கொம்பை ஆட்டும், இங்கும் அங்கும் அலையும். அதன் பாதை கண்ணால் பார்க்கும் பாதை அல்ல, முன்னால் போனவை விட்டுச்சென்ற வாசனைப் பொருள், அது இப்போது காகிதத்தோடு திரும்பிவிட்டது.

சரி, இதில் எது அழுகுணி ஆட்டம்? எறும்பு குழம்பியது பாதை திரும்பியதாலா, அல்லது யாரோ காகிதத்தைத் தொட்டு அசைத்ததாலா? இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, இன்னொரு முறை காகிதத்தைத் தூக்கி, திருப்பாமல், அதே கோணத்தில் அதே இடத்தில் வைப்பது. எல்லாம் செய்கிறோம், திருப்புவதை மட்டும் செய்வதில்லை. இப்படி ஒப்பிட்டுப் பார்க்கவென்றே செய்யும் இரண்டாவது சோதனைக்குக் கட்டுப்பாட்டுச் சோதனை என்று பெயர். "ஒண்ணும் செய்யாததை ஏன் செய்யணும்?" என்று குழந்தை கேட்கும். கேட்டால் ரெடியின் ஜாடியை நினைவுபடுத்துங்கள்.

நம்மால் மாற்றவே முடியாத விஷயங்களும் உண்டு, அங்கே இயற்கையே மாற்றிக் கொடுக்கும்வரை காத்திருக்கலாம். வெயிலில் ஒரு குச்சியை நேராக நட்டு, மணிக்கு ஒரு முறை நிழலின் நுனியில் ஒரு கல் வைத்தால் குச்சியும் இடமும் அப்படியே இருக்க நேரம் மட்டும் மாறுகிறது. நிழல் மிகக் குட்டையாவது சரியாக 12 மணிக்கா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இருக்காது, ஏனென்றால் கடிகாரம் ஒரு பெரிய நிலப்பரப்புக்கே பொதுவாக வைத்த நேரம், நிழலோ அந்தக் குச்சி நிற்கும் இடத்தின் நேரம்.

"ஏன்" என்ற கேள்வியைத் திருப்பிப் போடுவது

குழந்தைகள் ஏன் ஏன் என்று கேட்கும்போது நமக்குப் பதில் தெரியாமல் திணறுகிறோம், தெரிந்தால் கடகடவென்று சொல்லிவிடுகிறோம். இரண்டிலும் சோதனைக்கு இடமில்லை. "செடி ஏன் ஜன்னல் பக்கம் சாயுது?" என்றால், "தொட்டியைத் திருப்பி வச்சா என்ன ஆகும்? எத்தனை நாள்ல மறுபடி சாயும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஏன் என்ற கேள்விக்கு வாயால்தான் பதில் சொல்ல முடியும், மாற்றினால் என்ன ஆகும் என்ற கேள்விக்குக் கையால் பதில் தேடலாம். நிழல் பக்கத்துத் தண்டு அதிகம் நீள்வதால் செடி வெளிச்சத்தின் பக்கம் வளைகிறது என்ற விளக்கத்தை, அது இரண்டு முறை வளைந்து பார்த்தபின் சொன்னால் தண்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள்.

அப்புறம் ஒரு நோட்டு. செய்வதற்கு முன் ஊகத்தை அதில் எழுத வேண்டும், எழுதத் தெரியாத குழந்தை படம் வரையட்டும். முன்பே எழுதாவிட்டால், "நான் அப்பவே நினைச்சேன்" என்று மனம் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளும், இது நமக்கும் நடக்கும். ஊகம் தப்பானால் அழித்துத் திருத்த விடாதீர்கள், அந்தத் தப்பான ஊகம்தான் அந்தப் பக்கத்திலேயே சுவாரசியமானது. நான்கு ஐந்து வயதில் இதெல்லாம் முழுக்கப் பிடிபடாது, அந்த வயதில் மண்ணைத் தோண்டிப் பார்ப்பதும் தண்ணீரில் எது மிதக்கிறது என்று போட்டுப் பார்ப்பதும் போதும். ஏழு எட்டு வயதில் "இது நியாயமா?" என்ற கேள்வி விளையாட்டில் தானாக வந்துவிடும், அதைச் சோதனைக்கும் இழுத்துக்கொள்ளலாம்.

ஆபத்து பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருக்கும் திரவம் எல்லாம் கலந்து பார்க்கத் தக்கவை அல்ல. முக்கியமாக, ப்ளீச்சிங் திரவத்தோடு வினிகரோ வேறு அமிலமோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அது நுரையீரலைக் கெடுக்கும். சோடாவும் வினிகரும் சேர்த்த பாட்டிலை மூடியால் இறுக்கி மூடக் கூடாது, வெடிக்கும். பூதக்கண்ணாடி வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. பொத்தான் பேட்டரியும் சின்னக் காந்தமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மண்ணைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், பிடித்த பூச்சியையும் மண்புழுவையும் எடுத்த இடத்திலேயே விட வேண்டும்.

நூலும் நட்டும்

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் நான் ஊசலைச் சொல்வேன். ஒரு நூல், சில இரும்பு நட்டு, கையில் இருக்கும் போனிலேயே நிறுத்தற்கடிகாரம், இவ்வளவுதான். கலிலியோ ஆராய்ந்தது இதைத்தான், டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் 1656இல் செய்த ஊசல் கடிகாரம் ஓடியதும் ஊசல் ஒரே சீராக ஆடும் குணத்தால்தான்.

எங்கள் வீட்டில் இதைச் செய்தவன் என் அண்ணன் மகன், பத்து வயது. கேள்வி: கனம் கூடினால் வேகமாக ஆடுமா? வேகமாக ஆடும் என்று எழுதினான். மேஜை விளிம்பிலிருந்து 25 செ.மீ. நூலில் ஒரு நட்டைக் கட்டி, ஒரு பக்கம் லேசாக இழுத்துவிட்டு 30 ஆட்டம் எண்ணினான், போய்த் திரும்பி வந்தால் ஓர் ஆட்டம் என்று கணக்கு. 30 விநாடி வந்தது. ஒரே ஆட்டத்தை அளந்தால் கடிகாரத்தை அமுக்கும் விரலின் தாமதமே பெரிய பிழையாகிவிடும், 30 ஆட்டம் எண்ணினால் அதே பிழை 30 பங்காகப் பிரிந்துபோகும். அப்புறம் முதல் நட்டுக்குக் கீழே கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டாவதை, அதற்கும் கீழே மூன்றாவதைக் கட்டினான். ஒன்றரை விநாடிக்கு மேல் கூடியது. திரும்பச் செய்தான், அதேதான். "அத்தை, கனமா இருந்தா மெதுவாத்தான் ஆடுது" என்று ஊகத்துக்குப் பக்கத்தில் முடிவையும் எழுதிவிட்டான்.

அளந்ததில் தவறே இல்லை. மூன்று முறை அளந்தாலும் அதே எண்தான் வரும். நான் ஒன்றும் சொல்லவில்லை, என் மகள்தான் குனிந்து நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ நூலையும் நீட்டிட்டே" என்றாள். கீழே கீழே கட்டியதால் கனம் மட்டும் கூடவில்லை, கனத்தின் நடுப்புள்ளியும் இறங்கிவிட்டது, ஊசலின் நீளம் என்பது மேலே கட்டிய இடத்திலிருந்து அந்த நடுப்புள்ளி வரைதான். ஒரு பேப்பர் கிளிப்பைக் கொக்கியாக வளைத்து மூன்று நட்டையும் ஒரே கொக்கியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்கள். 30 ஆட்டம், 30 விநாடி. கனம் எதையும் மாற்றவில்லை. பையன் முடிவை அடிக்கப் போனான், அடிக்காமல் கீழே புதிதாக எழுதச் சொன்னேன்.

நீங்கள் செய்யும்போது இதற்கு அடுத்த படியையும் சேர்த்துச் செய்யுங்கள். நூலை 25 செ.மீ. வைத்து 10 ஆட்டம் எண்ணினால் ஏறக்குறைய 10 விநாடி வரும். நூலை இரண்டு மடங்காக, 50 செ.மீ. ஆக்கப் போகிறோம், எத்தனை விநாடி வரும் என்று நூலைத் தொடுவதற்கு முன்பே எழுதச் சொல்லுங்கள். 20 என்று எழுதுவார்கள். 14 வரும். அப்படியானால் 20 வருவதற்கு நூல் எவ்வளவு நீளம் வேண்டும் என்று கேட்டுவிட்டு, நூல்கண்டையும் அளவுகோலையும் அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.